பௌர்ணமி இரவில் சீட்டு எடுக்கும் தோழர்களுக்கு

ஒரு வன்கொடுமை வழக்கின் விசாரணைக்காக நீதிமன்றம் போய்விட்டுத் திரும்பிய இரவு அது. வழக்கம்போல் வாய்தா. சாட்சி சொல்ல வந்திருந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். பேருந்து நிலையத்தில் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடுத்த தடவையாச்சும் கூப்பிடுவாங்களா தம்பி?" எங்களிடம் பதில் இல்லை. அறைக்கு வந்தபிறகு யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. மொட்டை மாடியில் முழு நிலா காய்ந்துகொண்டிருந்தது. சட்டம் படிக்கும் தோழர் ஒருவர் பையிலிருந்து டாரட் சீட்டுக்கட்டை எடுத்து விரித்தார். "இன்னிக்குப் பௌர்ணமி. ஆளுக்கு ஒரு சீட்டு எடுங்க. மனசுல இருக்கிறதை இறக்கி வைக்கிற நாள் இது" என்றார்.

எங்களில் சிலர் சிரித்துவிட்டோம். "அம்பேத்கரையும் பெரியாரையும் படிச்சிட்டு இதுவா?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தோழர் சீட்டுகளை அடுக்கி உள்ளே வைத்துக்கொண்டார். அன்றிரவு அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை.

அந்தச் சிரிப்பு தவறு என்று இப்போது நினைக்கிறோம். சீட்டில் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் அந்த மாடியில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரில், எல்லோருடைய மனமும் உடைந்திருக்கிறது என்பதைக் கவனித்து, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். பகுத்தறிவாளர்களான நாங்கள் செய்தது அவரையும் வாயடைக்க வைத்தது மட்டுமே.

ஏன் தேடுகிறார்கள்?

இன்று பல்கலைக்கழக வளாகங்களில், விடுதி அறைகளில், நம் அமைப்புகளுக்குள்ளேயேகூடப் பௌர்ணமிச் சடங்கும் டாரட்டும் நுழைந்திருக்கின்றன. ரீல்ஸைத் திறந்தால், "இந்தப் பௌர்ணமி உங்கள் ராசிக்கு எதை விடுவிக்கப் போகிறது" என்று ஒரு குரல் மென்மையாகச் சொல்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் சந்திராஷ்டமம் யாருக்கு என்று சொல்கிறது. மொழியும் மேடையும் மாறியிருக்கின்றன, சொல்லப்படும் செய்தி பெரிதாக மாறவில்லை. சந்திரன் மனோகாரகன், அவன் நகர்ந்தால் உன் மனமும் நகரும் என்பதே அது.

நம் பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஒரு மாணவி. வகுப்பில் கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சொல்லி நக்கல். உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. வீட்டில் சொன்னால் அம்மா பயந்துபோய்ப் படிப்பை நிறுத்திவிட்டு வரச் சொல்வார். அமைப்பில் சொன்னால் "போராட்டத்துல இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் தோழர்" என்பார்கள். கடைசியில் யாரோ ஒருவர் எதிரில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "நீங்க ரொம்ப நாளா எதையோ தனியா சுமக்குறீங்க" என்று சொல்கிறார். அழுகை வந்துவிடுகிறது. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதற்குப் பிறகு கிடைக்கும் நிம்மதியும் பொய்யல்ல.

நம் இயக்கங்களுக்குக் கோபப்படத் தெரியும். முழக்கம் போடத் தெரியும். அஞ்சலிக் கூட்டம் நடத்தத் தெரியும். உயிரோடு இருப்பவர்கள் அழுவதற்கு ஓர் இடம் வைக்கத் தெரியவில்லை. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். வானத்தையும் நட்சத்திரங்களையும் நேசித்தவர், கார்ல் சேகனைப்போல் அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவருக்காக நாடு முழுவதும் தெருவில் இறங்கினோம், அது தேவைதான். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு ரோஹித்திடம் மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறோமா? அந்த வெற்றிடத்தில்தான் சீட்டுக்கட்டு வந்து உட்கார்கிறது.

அண்ணல்கூடத் தன் வேதனையை மறைக்கவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனவருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். இருண்ட மாடியில் தனியாக இருந்ததையும், அந்தத் தனிமையைப் புத்தகங்களைக் கொண்டு மறக்க முயன்றதையும், தடிகளோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னதையும், போக்கிடமில்லாமல் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்ததையும் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் அவரே எழுதியிருக்கிறார். பயந்தேன், துக்கப்பட்டேன் என்று எழுத அவர் கூச்சப்படவில்லை. நாம் மட்டும் ஏன் இரும்பாக நடிக்கிறோம்?

வானத்திலும் சேரி கட்டியவர்கள்

தேவை உண்மையானது என்பதால் மருந்தும் உண்மையானதாகிவிடாது. நாம் கையில் எடுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

பௌர்ணமிப் பலன் கேட்கும் தோழர்கள் ஒரு சொல்லை எப்படியும் கேட்டிருப்பீர்கள்: குரு சண்டாள யோகம். வியாழனும் ராகுவும் ஒரே ராசியில் சேர்ந்தால் அந்தப் பெயர். குரு பிராமணர், ராகு சண்டாளர், இருவரும் சேர்ந்தால் புனிதம் கெடும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். யூடியூபில் இதற்குப் பரிகாரம் சொல்லும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் இடம்பெற்றுள்ள ஒரு பெயர். அதை வசைச்சொல்லாகப் பயன்படுத்துவதற்கு எதிராக நம் மாநிலத்தின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமே 2024-ல் குரல் கொடுத்தது. தரையில் யாரையாவது அப்படி அழைத்தால் நாம் சும்மா விடமாட்டோம். வானத்தில் அழைத்தால் பலன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது ஒரு யோகத்தின் பெயரோடு நின்றுவிடவில்லை. சோதிட நூல்கள் கிரகங்களுக்கே வருணம் பிரித்திருக்கின்றன. குருவும் சுக்கிரனும் பிராமணர்கள். சூரியனும் செவ்வாயும் சத்திரியர்கள். சந்திரன் வைசியர். சனிக்குச் சூத்திர இடமோ அதற்கும் கீழான இடமோ நூலுக்கு நூல் மாறும், ஆனால் மேலே மட்டும் போகாது. வேலைக்காரர்களுக்கும் கடின உழைப்புக்கும் காரகன் அதே சனிதான். ராசிகளையும் விட்டுவைக்கவில்லை. கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசிகள்; மிதுனம், துலாம், கும்பம் சூத்திர ராசிகள். வடநாட்டு முப்பத்தாறு குணப் பொருத்தத்தில் வருணப் பொருத்தம் என்றே ஒரு கணக்கு இருக்கிறது. அதில் மணமகன் வருணம் மணமகளின் வருணத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. மனுவின் கணக்கேதான். சாதிக்குள் மணம் முடிக்கும் ஏற்பாட்டுக்கு ஜாதகக் கட்டு எவ்வளவு உதவுகிறது என்பதை, காதலித்துவிட்டு "ஜாதகம் பொருந்தலை" என்ற பதிலை வாங்கியவர்களிடம் கேளுங்கள். பல நேரம் பொருந்தாமல் போனது சாதி, பழி போட ஒரு கட்டம் கிடைத்தது.

இதை அரசே பாடமாக்கியது. 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தை ‘ஜோதிர் விஞ்ஞானம்’ என்ற பெயரில் பட்டப்படிப்பாக்கத் திட்டம் கொண்டுவந்தது. விஞ்ஞானிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அப்படியானால் வானம் முழுக்க அவர்களுடையதா? இல்லை. நம் மக்களில் வள்ளுவர்கள் தலைமுறை தலைமுறையாக நாள் கணித்தவர்கள். பஞ்சாங்கக் கணிப்பு அறிவு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அயோத்திதாசப் பண்டிதரின் வாதம். நிலவின் நாளை எண்ணுவது அறிவு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது மனித உழைப்பு. அந்த எண்ணிக்கையின் மேல் வருணத்தையும் விதியையும் ஏற்றி வைத்ததுதான் மோசடி.

சீட்டின் கதை

டாரட் நம் நாட்டுச் சாதியோடு சம்பந்தப்பட்டதில்லையே, மேற்கத்திய ஞானம்தானே என்று சில தோழர்கள் சொல்வார்கள். அது ஞானமாகப் பிறக்கவேயில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. மூன்று நூற்றாண்டுக்கும் மேல் மக்கள் அதை வைத்துச் சீட்டாட்டம்தான் ஆடினார்கள். 1781-ல் பிரான்சில் கூர் த ஜெபலன் என்பவர், இது பண்டைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று ஆதாரமே இல்லாமல் எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கவே அப்போது யாருக்கும் தெரியாது. குறி சொல்லும் தொழில் அதன் பிறகுதான் அந்தச் சீட்டில் சூடுபிடித்தது.

இன்று நம் தோழர்கள் கையில் இருக்கும் எழுபத்தெட்டுச் சீட்டுகளில் பெரும்பாலானவை 1909-ல் லண்டனில் வெளியான கட்டின் நகல் அல்லது சாயல். அதன் படங்கள் அத்தனையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கட்டுக்கு வழங்கிய பெயரோ ரைடர்–வெயிட். ரைடர் பதிப்பாளர், வெயிட் யோசனை சொன்ன ஆண். வரைந்தவருக்குச் சொற்பக் கூலி. 1951-ல் வறுமையில் இறந்தார். உழைத்தவர் பெயர் அழிந்து உடைமையாளர் பெயர் நிலைக்கும் கதை நமக்குப் புதிதல்ல. அந்தச் சீட்டைக் கையில் எடுத்தால் குறைந்தபட்சம் அவர் பெயரையாவது சொல்லுங்கள்.

நம் தெருவிலும் சீட்டு உண்டு. மரத்தடியில் கூண்டோடு உட்கார்ந்திருக்கும் கிளி ஜோசியர். கிளி ஒரு சீட்டை எடுக்கும், அவர் பலன் சொல்வார். அவரைப் பார்த்து மூடநம்பிக்கை என்கிறோம். குளிரூட்டிய கஃபேயில் அதே வேலையை ஆங்கிலத்தில் செய்தால் ஹீலிங் என்கிறோம். வித்தியாசம் கட்டணத்திலும் வர்க்கத்திலும் இருக்கிறது, அறிவில் இல்லை.

ஆனாலும் "எனக்குச் சரியா சொன்னாங்களே" என்பீர்கள். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "இது உன் குணாம்சம்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலுக்கு மேல் வந்தது. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்தவை பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். "நீ வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கலங்குகிறாய்" என்ற மாதிரி வாசகம் யாருக்குத்தான் பொருந்தாது? ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

சரி, பொருந்திவிட்டுப் போகட்டும், ஆறுதல் கிடைத்தால் என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது. அந்த அம்மாவின் வழக்கு ஏன் தள்ளிப்போனது? சனி பார்த்ததாலா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015 திருத்தத்துக்குப் பிறகு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த இரண்டு மாதத்துக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் உரிமை என்கிறது. அந்த அம்மாவுக்கு அந்தப் பணம் கிடைத்ததா என்று அன்றிரவு எங்களில் யாரும் கேட்கவில்லை. சீட்டை எடுத்தவரும் கேட்கவில்லை, சீட்டைப் பார்த்துச் சிரித்த நாங்களும் கேட்கவில்லை. காரணம் பூமியில் இருக்கும்போது அதை வானத்தில் தேட வைப்பதுதான் இதன் பெரிய ஆபத்து. "இது உன் கர்மா, போன பிறவியின் பாக்கி" என்று டாரட் வாசிப்பவரும் இப்போது சொல்கிறார். பிறப்பால் இழிவு என்பதற்கு அவர்கள் சொன்ன காரணமும் அதுவேதான். முற்பிறவிக் கர்மக் கோட்பாடு, துன்பத்துக்குத் துன்பப்படுபவனையே பொறுப்பாக்கி, சமூகத்தை விடுவித்துவிடுகிறது என்று ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அண்ணல் எச்சரித்திருக்கிறார்.

ஒரு ராஜாவின் பௌர்ணமி

பௌர்ணமியும் கலங்கிய மனமும் சேரும் இடம் நம் மரபிலும் இருக்கிறது. தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் ஒரு கார்த்திகைப் பௌர்ணமி இரவில் தொடங்குகிறது. மகத மன்னன் அஜாதசத்ரு அமைச்சர்களோடு மாடியில் உட்கார்ந்து நிலவைப் பார்க்கிறான். நிலா அழகாக இருக்கிறது, மனம் அமைதியாக இல்லை. அரியணைக்காகத் தந்தை பிம்பிசாரனைக் கொன்றவன் அவன். யாரைப் போய்ப் பார்த்தால் என் மனம் அடங்கும் என்று கேட்கிறான். ஆளுக்கொரு குருவைச் சொல்கிறார்கள். மருத்துவர் ஜீவகர் புத்தரைச் சொல்கிறார்.

அங்கே போன மன்னனுக்குப் புத்தர் ஜாதகம் கணிக்கவில்லை, பரிகாரமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அதே உரையில், கிரகணம் குறிப்பது, நட்சத்திரப் பலன் சொல்வது, அங்க லட்சணம் பார்ப்பது ஆகியவற்றை வைத்துப் பிழைப்பதை இழிந்த தொழில் என்று பட்டியலிட்டு விலக்குகிறார். அவனிடம் நெடுநேரம் பேசுகிறார், அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கடைசியில் மன்னன் தானாகவே வாய்திறந்து, தந்தையைக் கொன்றேன் என்று ஒப்புக்கொள்கிறான். செய்த தவறை உணர்ந்து சொன்னதைப் புத்தர் ஏற்கிறார்.

பௌத்தத்தில் பௌர்ணமி உபோசத நாள். பிக்குகள் ஒன்றுகூடி ஒழுக்க விதிகளை ஓதுவார்கள், மீறியவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாக உட்கார்ந்து தன் ராசிக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கும் நாளாக அது இருந்ததில்லை. கூடும் நாள், பேசும் நாள், தன்னைத் திருத்திக்கொள்ளும் நாள்.

1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர், 1907 முதல் ‘தமிழன்’ இதழில் இதே வேலையைத்தான் செய்தார். தீபாவளி, கார்த்திகை தீபம் என்று நம் மக்கள் கொண்டாடும் நாட்களை எடுத்து, அவற்றுக்குள் பௌத்த நினைவைத் தேடினார். அவர் சொன்ன ஒவ்வொரு விளக்கத்தையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முறை நமக்குத் தேவை. நாளை விட்டுக்கொடுக்காதே, அதன் பொருளை மீட்டெடு என்பதுதான் அந்த முறை.

இன்று பௌர்ணமி என்றதும் தமிழ்நாட்டின் நினைவுக்கு வருவது திருவண்ணாமலை கிரிவலம். மாதாமாதம் பெரும் கூட்டம் நடக்கும் அதே மாவட்டத்தில், தென்முடியனூர் தலித் மக்கள் தங்கள் ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருந்தார்கள். போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைந்தார்கள். எல்லோர் மேலும் ஒன்றாகக் காயும் நிலவின் கீழே இதுதான் நடக்கிறது.

என்ன செய்யலாம்?

நாங்கள் சொல்வது இதுதான். பௌர்ணமியை விட வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லாமல் வானமே அழைக்கும் நாள் அது. அன்று இரவு கூடுங்கள். விடுதி மாடியோ, சேரியின் சமுதாயக் கூடமோ, எதுவாக இருந்தாலும் போதும். கைப்பேசியை ஓரமாக வையுங்கள். ஒவ்வொருவரும் அந்த மாதம் தன்னை அழுத்தியது எது என்று சொல்லட்டும். குறுக்கே யாரும் புத்திமதி சொல்ல வேண்டாம், அரசியல் வகுப்பும் எடுக்க வேண்டாம். அழுதால் அழட்டும். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது பகுதி இன்னும் கடினமானது. நாம் யாரைக் காயப்படுத்தினோம் என்பதையும் அங்கே பேச வேண்டும். பெண் தோழர்களைக் கூட்டக் குறிப்பு எழுதவும் தேநீர் வாங்கவும் மட்டும் வைத்திருந்தது, நம்மிலேயே இன்னொரு உட்சாதியை மட்டமாகப் பேசியது, சீட்டு எடுத்தவரைப் பார்த்துச் சிரித்தது, எல்லாமே அதில் சேரும். ஆனால் பாலியல் அத்துமீறல் போன்ற குற்றத்தை ஒப்புதலோடு முடித்துவிடக் கூடாது, அதற்குப் புகாரும் சட்டமும் இருக்கின்றன.

மூன்றாவது, விடிந்ததும் செய்ய வேண்டியது. பேசியதில் எது அமைப்பின் குற்றமோ அதைத் தாளில் எழுதுங்கள். வாய்தாவுக்குக் காரணம் கேட்டு மனு, சாட்சியின் பயணப்படி, நின்றுபோன உதவித்தொகை. கல்லூரிப் பாகுபாடு என்றால் 2012-ல் மானியக் குழு கொண்டுவந்த விதிகள் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் வேண்டும் என்றன. உங்கள் கல்லூரியில் அவை எங்கே என்று எழுதிக் கேளுங்கள்.

எது நட்பால் தீராத வலியோ அதற்கு மருத்துவரிடம் போங்கள். தூக்கமில்லாமல் வாரங்கள் ஓடுகின்றன, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை, யாருடைய தயவும் இல்லை. போகும் தோழரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். அங்கேயும் சாதியைப் புரிந்துகொள்ளாத மருத்துவர் இருக்கலாம். அப்போது வேறொருவரைத் தேட வேண்டும், சிகிச்சையைக் கைவிடக் கூடாது.

சீட்டுக்கட்டை என்ன செய்வது? கிழித்துப் போடச் சொல்லமாட்டோம். ஒரு படத்தைப் பார்த்தால் பேச்சு வருகிறது என்றால் படத்தைப் பாருங்கள், பேசுங்கள். எதிர்காலம் சொல்லாதீர்கள், காசு வாங்காதீர்கள், கர்மா என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

அந்தத் தோழரிடம் மன்னிப்புக் கேட்டோம். வருகிற பௌர்ணமிக்கு அதே மாடியில் கூடுகிறோம், அவர்தான் நடத்தப் போகிறார். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது அந்த அம்மாவின் பயணப்படிக்கான மனு எங்கள் கையில் இருக்கும். அதை எழுதும் பொறுப்பையும் சட்டம் படிக்கும் அவரே ஏற்றிருக்கிறார்.

ஜெய் பீம்.